பதினேழாம் அத்தியாயத்துக்கு வந்த ஒரே கருத்து

பிப்ரவரி 11: என் மனைவி கோமதி மதுரையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

மார்ச் 4: காலை 6.10 மணிக்கு இறந்தார். அன்று மாலை ஸ்ரீவில்லிபுத்தூரில் தகனம்.

ஏப்ரல் 21: நான் பணியாற்றி ஓய்வுபெற்ற ராஜபாளையம் கிளை நூலகத்திலிருந்து, இன்றைய நூலகர் ஜெயந்தி தொலைபேசியில் பேசினார். நான்கு நிமிடம்.

ஏப்ரல் 23: என் அலமாரியில் இருந்த ஓர் ஒட்டிய உறையைத் திறந்தேன். உள்ளே தாள் இரண்டு. எழுதப்பட்ட பக்கம் நான்கு.

மே 2: சத்திரப்பட்டிக்குப் போய் வந்தேன்.

நடந்தவை இவ்வளவே. இவை ஏன் இந்த வரிசையில் நடந்தன என்பதை எழுத வேண்டியிருக்கிறது. எழுதச் சொன்னவர் ஜெயந்தி. அவர் எதிர்பார்த்த கட்டுரை இதுவல்ல.

அவர் கேட்டது இப்படி: "சார், புத்தகத்துக்குப் பின்னாடி வைக்கிற வாசகர் கருத்துத் தாளையெல்லாம் எடுத்திரச் சொல்லிட்டாக. இனிமே போன்லயே நட்சத்திரம் போட்டுருவாக, அஞ்சுக்கு எத்தனைன்னு. அந்தத் தாளைப் பத்தி நம்ம செய்தி இதழுக்கு நீங்க ஒரு கட்டுரை எழுதித் தரணும். உங்களை விட்டா யாருக்குத் தெரியும்?"

யோசிக்கிறேன் என்றேன். அவர் தொலைபேசியை வைக்கவில்லை.

"இன்னொண்ணு சார். பழைய அனுப்புகைப் பதிவேட்டைப் புரட்டுனேன். அம்புட்டுலயும் 'அனுப்பப்பட்டது'ன்னு உங்க கையெழுத்து இருக்கு. ஒண்ணு மட்டும் 'நிலுவை'ன்னு கிடக்கு. தாளையும் காணோம். நீங்க அப்படி விடுற ஆளு இல்லையே."

"பார்க்கிறேன்" என்றேன்.

வரலாற்றில் முதுகலை முடித்து, நூலக அறிவியல் பயின்று, ஒரு கிராமத்துக் கிளையில் சில ஆண்டுகள் இருந்தேன். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ராஜபாளையத்துக்கு மாற்றலாகி, அங்கே நூலகராக இருந்த அழகர் ராஜாவின் கீழ் சேர்ந்த நாளிலிருந்துதான் தொழில் தொடங்குகிறது.

அழகர் ராஜா முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானை ஒருநாளும் கழற்றியதில்லை. காலையில் முதல் வாசகர் உட்காரும்வரை அவர் உட்கார மாட்டார். கேட்டால், "வீட்டுக்காரன் முதல்ல உக்காரலாமாய்யா?" என்பார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் மட்டும் அலுவலகத்திலும் ஒரு தெலுங்குச் சொல் வரும். கருத்துத் தாள் அவருடைய ஏற்பாடு. மேலிடத்து உத்தரவு எதுவும் அதற்குக் கிடையாது.

முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் குற்றம் அதற்குள்தான் இருக்கிறது. புதினங்களின் பின்னட்டையில் ஒரு காகிதப் பை ஒட்டியிருக்கும். அதில் ஒரு வெள்ளைத் தாள். தாளின் தலையில் மூன்று விதிகள் அச்சிட்டிருக்கும். ஒன்று, உறுப்பினர் எண் எழுதுக. இரண்டு, அடித்தல் திருத்தல் கூடாது. மூன்று, நூலைப் பற்றி எழுதுக, எழுதியவரைப் பற்றி அல்ல. நூலாசிரியர் உயிரோடிருந்து முகவரியும் தெரிந்திருந்தால், மாதக் கடைசிச் சனிக்கிழமை அந்தத் தாள் தபாலில் அவருக்குப் போய்விடும். நகல் எடுப்பதில்லை. பதிவேட்டில் தேதி, உறுப்பினர் எண், நூலின் பெயர், 'அனுப்பப்பட்டது' என்ற சொல். அவ்வளவே நம்மிடம் தங்கும்.

அனுப்புவதற்கு முன் பணியாளர் முதல் வரியை மட்டும் படிக்கலாம். வசைச்சொல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. அதற்கு மேல் படிக்கக்கூடாது.

"ஏன் சார், படிச்சா என்ன?" என்று சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"அது அவருக்கு வந்த கடுதாசி. அடுத்தவன் கடுதாசியை நாம படிக்கலாமா? நாம படிக்கோம்னு தெரிஞ்சா அப்புறம் நமக்காக எழுத ஆரம்பிச்சுருவாங்க."

"அடித்தல் திருத்தல் ஏன் கூடாது?"

"முதல்ல ஒண்ணு நெனைச்சு, பொறவு மாத்தி நெனைக்கிறான்னு வையி. அடிச்சுட்டான்னா மாறினது எப்படித் தெரியும்? தப்பா நெனைச்சதும் கருத்துதான்யா."

அந்த இரண்டாம் விளக்கத்தை நான் சட்டம் போட்டு மாட்டாத குறையாக மனத்தில் வைத்திருந்தேன். பிற்காலத்தில் என்கீழ் வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன்.

ஒருமுறை, ஊரில் பெரிய மனிதரான ஒரு நூலாசிரியர் கையில் தாளோடு நேரே வந்துவிட்டார். சோழர் காலத்துக் கதை எழுதியவர். 'தூக்கம் வராதவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன்' என்று யாரோ ஒரே வரி எழுதியிருந்தார்கள்.

"ராஜா, இது எந்தப் பய எழுதினது? நம்பரை வச்சுப் பேரைச் சொல்லும். நான் பேசிக்கிடுதேன்."

"உக்காருங்க. காப்பி சொல்லட்டுமா?"

"காப்பி கெடக்கட்டும். இனிமே இந்த மாதிரி வந்தா எனக்கு அனுப்ப வேண்டாம். நீரே கிழிச்சுப் போட்டுரும்."

"வத்து, வத்து" என்றார் அழகர் ராஜா, வேண்டாம் என்பதைத் தெலுங்கில். "நீங்க எழுதின முந்நூறு பக்கத்தை அவரு கிழிக்கலை. அவரு எழுதின ஒரு வரியை நான் கிழிக்கணுமா?"

"அவன் முழுசாப் படிச்சான்னு உமக்கு எப்படிய்யா தெரியும்?"

"தூங்காம இருந்து எழுதியிருக்காரே."

வந்தவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் உட்கார்ந்தார். காப்பி வந்தது. தாளையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனார். அழகர் ராஜா ஓய்வுபெறும்வரை ஒரு தாளும் நிறுத்தப்படவில்லை. அவருக்குப் பின் அந்த நாற்காலி எனக்கு வந்தது. என் காலத்தில் நிறுத்தப்பட்டது ஒன்று.

கோமதி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் வரலாறு கற்பித்தார். விருப்ப ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் உழைத்து ஒரு புதினம் எழுதினார். பெயர் 'நதி விட்ட மண்'. களம் பண்டைய எகிப்து. கற்பித்த பள்ளியில் யாரும் முகத்துக்காகப் புகழ வேண்டாம் என்று புனைபெயரில் வெளியிட்டார். மதுரையில் ஒரு சிறு பதிப்பாளர் அச்சிட்டார்.

எகிப்து எதற்கு என்று நானும் கேட்டேன்.

"அங்க கல்லறை வெட்டுன கூலியாள் ஒருநாள் வேலைக்கு வரலைன்னா, ஏன் வரலைன்னு எழுதி வச்சிருக்கான். வண்ணாத்துறைக்குப் போன துணிக்குக் கணக்கு இருக்கு. நம்ம பக்கத்துல ராசா பேரைத் தவிர யாரு பேரு இருக்கு, சொல்லுங்க?"

கதை இதுதான். நைல் நதியின் மேற்குக் கரையில், கல்லறைத் தொழிலாளர் குடியிருப்பில், ஆளிச்செடி நாரில் துணி நெய்கிற ஒருத்தி. அவளுடைய குழந்தை இறக்கிறது. உடலைப் பதப்படுத்துகிறவர்கள் ஊரில் திரட்டிய பழந்துணிகளைக் கிழித்துச் சுற்றுகிறார்கள். சுற்றும்போது, அதில் ஒரு துண்டு தான் நெய்தது என்பதை அவள் அடையாளம் காண்கிறாள். அது பதினேழாம் அத்தியாயம். அதில் அவள் குழந்தையிடம் பதினொரு பக்கம் பேசுகிறாள்.

எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள். ஒன்றே முக்கால் வயதில் காய்ச்சலில் இறந்தாள். கோமதியின் பழஞ்சேலை ஒன்றை இரண்டாகக் கிழித்து, அதில் சுற்றிப் புதைத்தோம். கோமதி அன்று பேசவில்லை. பின்னும் பேசவில்லை. அதற்கு இருபத்தாறு ஆண்டுகள் கழித்து இந்தப் பதினொரு பக்கம்.

நூலகத்துக்கு ஒரு பிரதி முறைப்படி வந்தது. மற்ற நூல்களுக்கு உள்ளதுபோலவே பின்னட்டையில் பை ஒட்டி, தாள் வைத்தேன். வந்த தாள்களைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. சனிக்கிழமை ராஜபாளையத்தில் தபாலில் சேர்த்தேன். செவ்வாய்க்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வாசலுக்கு வரும். "உங்க ஆபீசுல இருந்து ஏதோ வந்திருக்கு" என்பார் கோமதி, சிரிக்காமல். பிறகு சாப்பாட்டின்போது அவராகவே படித்துக் காட்டுவார்.

கூமாப்பட்டி விவசாயி ஒருவர் எழுதியிருந்தார்: 'வெள்ளம் வடிந்த மறுநாளே விதைக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறது. மறுநாள் இறங்கினால் ஆள் முழங்கால்வரை உள்ளே போவான். நம்பாவிட்டால் எங்கள் கண்மாய்க்குள் வந்து பார்க்கவும்.' கோமதி உண்மையாகவே கூமாப்பட்டிக்குப் பேருந்து ஏறினார். ஒரு செருப்பைச் சேற்றில் விட்டுவிட்டுத் திரும்பி, தன் பிரதியில் 'மறுநாளே' என்பதை அடித்து 'எட்டாம் நாள்' என்று எழுதினார். ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், 'படை நான்கு நாள் பாலைவனத்தில் நடக்கிறது. தண்ணீர் யார் கொண்டுபோனது?' என்று கேட்டிருந்தார். அதற்கு இரண்டு பத்தி சேர்த்தார். கிருஷ்ணன்கோவிலில் பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவர், 'பிரமிடு கட்டும் காட்சியே இல்லை, ஏமாற்றம்' என்றார். "ஆயிரம் வருசம் பிந்தி வந்துட்டே தம்பி, கட்டி முடிச்சுட்டாக" என்று தாளைப் பார்த்துப் பதில் சொன்னார் கோமதி.

பதிப்பாளர் இரண்டாம் பதிப்புக்குத் திருத்தங்கள் கேட்டார். கோமதி அனுப்பவில்லை.

"எதுக்குக் காத்திருக்க?"

"பதினேழைப் பத்தி யாரும் ஒண்ணும் எழுதலையே. ஒரு ஆளாவது எழுதட்டும். நல்லா இருக்குன்னு வேண்டாம். அந்தப் பக்கம் வரைக்கும் ஒருத்தர் வந்தாகன்னு தெரிஞ்சாப் போதும்."

அவர் என்னிடம் வாழ்நாளில் வேண்டும் என்று சொன்னவை குறைவு. இது ஒன்று.

சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் நெய்வது பெரும்பாலும் மருத்துவமனைகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி. அங்கே தறி ஓட்டிய முத்துமாரி என்ற பெண் எங்கள் உறுப்பினர். வயது நாற்பது இருக்கலாம். வரும்போது தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். 'நதி விட்ட மண்'ணை எடுத்துப்போய் இரண்டு முறை புதுப்பித்து, ஆறாவது வாரம் திருப்பினார். மடித்த தாளைத் தனியாக நீட்டினார்.

"சார், ஒரு தாள் பத்தலை. அன்னைக்கே இன்னொண்ணு வாங்கிட்டுப் போனேன். ரெண்டு இருக்கலாம்லா?"

"இருக்கலாம்மா."

"அடிக்கக்கூடாதுன்னு போட்டிருக்குல்லா, நான் எதையும் அடிக்கலை. அப்படியே விட்டுருக்கேன்."

"சரிம்மா."

அவர் போனபின் முறைப்படி முதல் வரியைப் படித்தேன்.

'இதை எழுதினவர்களுக்குப் பிள்ளை செத்திருக்காது.'

வசைச்சொல் ஏதுமில்லை. ஆனால் நூலைப் பற்றியதல்ல, எழுதியவரைப் பற்றியது; மூன்றாம் விதியை மீறுகிறது. இந்தக் காரணம் ஒரு நிமிடத்துக்குள் எனக்குக் கிடைத்துவிட்டது. தாள்களை ஓர் உறையில் இட்டு ஒட்டினேன். பதிவேட்டில் 'நிலுவை' என்று எழுதினேன். உறையை வீட்டுக்குக் கொண்டுவந்து என் அலமாரியில் வைத்தேன். பொய் எழுதவில்லை என்ற திருப்தியும் அப்போது இருந்தது.

உறையை ஒட்டுவதற்கு முன் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. அடுத்தவர் கடிதத்தைப் படிக்கக்கூடாது என்று பழகிய கை. விதியில் பாதியை மீறினேன், மறுபாதியைக் கடைப்பிடித்தேன். முழுவதையும் மீறியிருந்தால் படித்திருப்பேன். முழுவதையும் கடைப்பிடித்திருந்தால் அனுப்பியிருப்பேன். இரண்டில் எது நடந்திருந்தாலும் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

முத்துமாரி அடுத்தடுத்த வாரங்களில் கேட்டார்.

"சார், அவிய ஏதும் சொன்னாகளா?"

"எழுத்தாளர்கள் இல்லையா, பதில் போட நேரம் எடுக்கும்மா."

மூன்று முறை கேட்டபின் நிறுத்திக்கொண்டார். புத்தகம் எடுக்க வருவதை நிறுத்தவில்லை.

வீட்டில் கோமதி ஐந்து மாதம் கேட்டார். "பதினேழுக்கு யாரும் எழுதலையா?" என்ற அதே கேள்வி. "இல்லை" என்ற அதே பதில். ஆறாம் மாதம் ஒருநாள், கீரை ஆய்ந்துகொண்டே, பதிப்பாளருக்குத் திருத்தங்களை அனுப்பிவிட்டதாகச் சொன்னார்.

"பதினேழு?"

"எடுத்துரச் சொல்லிட்டேன். அது இல்லாமலும் கதை நிக்குது. யாருக்கும் வேண்டியிருக்கலை."

அப்போது நான் என் அலமாரியைத் திறந்திருக்கலாம். அது நான்கு அடி தூரத்தில் இருந்தது. "உன் விருப்பம்" என்றேன்.

இரண்டாம் பதிப்பு பதினேழாம் அத்தியாயம் இல்லாமல் வந்தது. கூமாப்பட்டிக்காரரின் எட்டாம் நாள் அதில் இருக்கிறது. ராணுவக்காரரின் தண்ணீர்த் தோல்பைகள் இருக்கின்றன. கோமதி அதற்குப் பின் எதுவும் எழுதவில்லை. இந்தப் பிப்ரவரியில், மருத்துவமனையில், செவிலிப் பெண் அவர் கையில் பேண்டேஜ் சுற்றியபோது அந்தத் துணியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார்.

ஏப்ரல் 23 அன்று உறையைத் திறந்து நான்கு பக்கங்களையும் படித்தேன். முதல் பக்கம், முதல் வரியின் தொடர்ச்சி: 'செத்திருந்தால் அந்தப் பொம்பளையை இவ்வளவு பேச விட்டிருக்க மாட்டார்கள். எனக்கு நடந்தது. எனக்குப் பேச்சு வரவில்லை.'

இரண்டாம் பக்கம்: 'என் மகனுக்கு ஒன்பது வயது. கண்மாயில் போய்விட்டான். ஆஸ்பத்திரியில் துணி சுற்றித்தான் கொடுத்தார்கள். அப்போது என் தறியில் ஒரு நூல் விடும். ஓரத்திலிருந்து நாலு விரல் தள்ளி, துணி நெடுக ஒரு கோடு ஓடும். அவனைச் சுற்றியிருந்த துணியில் அந்தக் கோடு இருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நம்புவார்களா? இந்தப் புத்தகத்தில் ஒருத்தி அதையே பார்க்கிறாள்.'

மூன்றாம் பக்கம்: 'திரும்ப வாசித்தேன். அவள் அவ்வளவு பேசியும் பக்கத்தில் நிற்கிறவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. துணி சுற்றுகிறவன் கைகூட நிற்கவில்லை. அப்போதுதான் புரிந்தது, அவள் வாய்விட்டுப் பேசவில்லை. இதை எழுதினவர்களும் அன்றைக்குப் பேசாமல்தான் இருந்திருப்பார்கள். அவர்களுக்கும் நடந்திருக்கிறது. முதல் வரியை அடிக்க வேண்டும் போல இருக்கிறது. அடிக்கக்கூடாது என்று போட்டிருப்பதால் விட்டிருக்கிறேன். மன்னிக்கவும்.'

நான்காம் பக்கம்: 'அந்தப் பதினொரு பக்கத்தையும் தறி ஓடும்போது சத்தமாக வாசித்தேன். அந்தப் பிள்ளையின் பேர் வருகிற இடத்தில் என் மகன் பேரைச் சொன்னேன். தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. நான் நினைத்தது சரிதானா என்று அவர்கள் ஒரு வரி எழுதினால் போதும்.'

மே 2 அன்று சத்திரப்பட்டிக்குப் போனேன். சொல்ல வேண்டியதைப் பேருந்திலேயே வாக்கியமாக்கி வைத்திருந்தேன்: எழுதியவர் என் மனைவி; உங்கள் தாளை நான் அவருக்கு அனுப்பவில்லை; அவர் இப்போது இல்லை.

தறிக்கூடத்தின் வாசலில் நின்றேன். முத்துமாரி என்னை அடையாளம் காணச் சற்று நேரம் ஆனது. தலை நரைத்திருந்தது, பஞ்சு எது, நரை எது என்று தெரியவில்லை.

"நூலக சாரா! ஏலே முருகா, தறியைச் செத்த நேரம் நிப்பாட்டு. சார் வந்திருக்காக." அருகில் இருந்த இரண்டு தறிகள் நின்றன. "என்ன சார், இம்புட்டு மெலிஞ்சிட்டீக? வீட்டுல அக்கா சோறு போடுறது இல்லையா?"

அவர் ஒரு முக்காலியைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டார்.

"சார், கேட்டா சிரிக்கக்கூடாது. அந்த எகிப்துக் கதை எழுதினாகல்லா, அவிய பதில் போட்டாகளா?"

பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

"இன்னும் வரலைம்மா" என்றேன்.

நான் சொன்னதை நானே கேட்டேன்.

"விடுங்க சார். தப்பு என் மேலதான்" என்றார். "மொத வரியை அப்படி எழுதியிருக்கக்கூடாது. பெத்தவ மனசு. அவிய அந்த ஒரு வரியோட தாளை மடிச்சு வச்சிருப்பாக. மறுபக்கம் திருப்பியே இருக்க மாட்டாக."

முருகன் தறியை ஓடவிட்டார். முத்துமாரி மேலும் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. தலையசைத்துவிட்டு வந்தேன்.

செய்யாமல் நிற்பவை:

பதிவேட்டில் 'நிலுவை' என்ற சொல்லுக்குப் பதிலாக வேறு சொல் எழுதுவது. என்ன சொல் என்று ஜெயந்திக்கு இன்னும் தெரிவிக்கவில்லை.

பதினேழாம் அத்தியாயத்தை மீண்டும் சேர்க்கும்படி பதிப்பாளருக்கு எழுதுவது. ஆசிரியரின் கையெழுத்துக் கேட்பார்கள்.

அந்த இரண்டு தாள்களையும் உரியவரிடம் சேர்ப்பது.

சத்திரப்பட்டிக்கு மறுபடி போவது. வாக்கியம் தயாராக இருக்கிறது. அன்றும் தயாராகத்தான் இருந்தது.